கையில் தொழில் இருக்கு, காகிதம் இல்லையே!

வேலை செய்துகொண்டே படிப்பது, தொழிலுக்குச் சான்றிதழ் வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராகத் தொடங்கி, பிறகு நூற்பாலைகளில் பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். ரிங் பிரேம் (நூல் நூற்கும் மெஷின்) பிரிவில் நாற்பது வயதைத் தாண்டிய அக்காமார் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து, ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் கேன்டீனில் வகுப்பு ஆரம்பித்தோம். முதல் வாரம் நல்ல கூட்டம். இப்போது மூன்று நான்கு பேர்தான் வருகிறார்கள். இவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நிர்வாகம் வகுப்பை நிறுத்தப் பார்க்கிறது. என்ன செய்யலாம் அக்கா?
— வாசகர், வேடசந்தூர்

நிறுத்த விடாதீர்கள் தம்பி. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: "ஷிப்ட் முடிந்ததும்." எட்டு மணி நேரம் பிரேமுக்குப் பிரேம் நடந்து இழை ஒட்டிய கால்கள் அவை. வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், பள்ளியிலிருந்து வரும் பேரப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். கம்பெனி வண்டியை விட்டால் பேருந்துக்கு யார் காசு கொடுப்பது? இதில் ஆர்வம் குறைந்ததென்று சொல்வது அநியாயம்.

வகுப்பை வேலை நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். சம்பளத்தோடு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முக்கால் மணி நேரம் போதும். ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ரிலீவர், அதாவது மாற்றாள் வைத்துச் சமாளிக்கலாம். உற்பத்தி போய்விடும் என்று நிர்வாகம் சொல்லும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தன் உறுப்பினர்களுக்குத் திறன் பயிற்சி அறிவித்தபோது, வேலை இழப்புக்கு ஈடாக நாளுக்கு 800 ரூபாய் கொடுப்பதாகச் சொல்லித்தான் அழைத்தது. படிக்க வருகிறவரின் கூலி போகக்கூடாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மில் ஏற்றுக்கொள்ள முடியாதா?

அடுத்தது, என்ன சொல்லித் தருகிறீர்கள்? "அம்மா, ஆடு, இலை" என்று ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்திருந்தால் அதை மூடி வையுங்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஆட்டுப் படம் காட்டினால் அவமானமாகத்தான் இருக்கும். அவருடைய சம்பளச் சீட்டை மேசையில் வையுங்கள். அதில் அவர் பெயர் இருக்கிறது, டோக்கன் நம்பர் இருக்கிறது, வந்த நாள், வராத நாள், பிடித்தம் எல்லாம் இருக்கிறது. எழுத்து, எண், சதவீதம் மூன்றும் அந்த ஒரு காகிதத்தில் கிடைக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால், பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். இந்தக் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். சீட்டில் அச்சாகியிருக்கும் தொகையோடு தான் போட்ட கணக்கு ஒத்துப்போகும்போது ஒரு பெண்ணின் முகம் எப்படி மாறும் என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர் வகுப்புக்கு வராமல் இருக்க மாட்டார்.

மனக்கணக்கில் அவர்கள் உங்களையும் என்னையும் தோற்கடிப்பார்கள். சீட்டுப் பணம், வட்டி, ரேஷன் எல்லாம் தலையிலேயே ஓடும். ஆகவே எண்ணிலிருந்து தொடங்குங்கள். தனக்குத் தெரிந்த ஒன்றைத் தாளில் எழுதுகிறோம் என்ற தைரியம் முதலில் வரும். எழுத்து பின்னால் வரட்டும். பிரேம் நம்பர், ஷிப்ட் சார்ட், "ஓடும்போது தொடாதே" என்ற எச்சரிக்கைப் பலகை, தீயணைப்பான் மேல் ஒட்டியிருக்கும் தாள், பேருந்தின் பெயர்ப்பலகை என்று கண்ணில் படுவதெல்லாம் பாடம்தான்.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் "எழுத்தறிவு வந்துவிட்டது" என்று கணக்கை முடித்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிவது ஆபத்து. கைநாட்டு வைப்பவரிடம் நாலு பேர் முன்னால் படித்துக் காட்டியாக வேண்டும். கையெழுத்துப் போடுபவரிடம் தாளை நீட்டினால் போதும். அதனால் படிப்பு முதலில், கையெழுத்து பிறகு.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் போடாதீர்கள். அட்டெண்டன்ஸ் போனஸோடு வகுப்பை முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் சூப்பர்வைசர் என்பதால் நீங்களே பாடம் நடத்தவும் வேண்டாம். காலையில் நூல் அறுந்ததற்குத் திட்டியவரிடம் மாலையில் "எனக்கு இது புரியலை" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களில் பிளஸ் டூ முடித்த ஒருத்தியைப் பிடியுங்கள்.

1991-ல் புதுக்கோட்டையில் நாங்கள் வகுப்பு நடத்தியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் ஊக்கப்படுத்தினார். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் நிறைய. தண்ணீர்க் குடத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு போன பெண்ணுக்குப் படிக்க நேரம் மிச்சமானது. பக்கத்து ஊருக்குப் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. கல்குவாரிகளைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அதே மாவட்டத்தில், அதே காலத்தில்தான். ஜல்லி உடைத்துக் கூலி வாங்கியவர்கள் லோடு கணக்கு எழுதினார்கள். படிப்பு உடனே எதற்காவது பயன்பட்டால் ஆட்கள் தானாக வருவார்கள் என்பதை அங்கேதான் நான் கண்டேன். உங்கள் மில்லில் அந்தப் பயன் சம்பளச் சீட்டில் இருக்கிறது.

முறையான சான்றிதழுக்கு: 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' இப்போது நடக்கிறது. 15 வயதைத் தாண்டிய யாரும் சேரலாம். தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. படிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவார்கள். மில்லுக்குப் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஆட்களின் பெயரைப் பதிவு செய்வது பற்றி அவர் சொல்வார்.

கேள்வி: பதினாலு வருஷமாக வெல்டிங் வேலை பார்க்கிறேன். ஐ.டி.ஐ. படிக்கவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். என்னிடம் தொழில் கற்ற பையன்கள் ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருப்பதால் வெல்டர் சம்பளம் வாங்குகிறார்கள். கான்ட்ராக்டர் என்னை ரெஜிஸ்டரில் ஹெல்பர் என்றுதான் எழுதுகிறார். இந்த வயதில் எனக்குச் சான்றிதழ் கிடைக்குமா?
— வாசகர், துவாக்குடி

கிடைக்கும் தம்பி. வழி மூன்று இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. அதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் பட்டறைகளில் "6ஜி அடிச்சவன்" என்று சொல்வார்களே, அது வெல்டர் தகுதித் தேர்வு, முதல் வழி. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றி வந்து வெல்டு போட்டு, எக்ஸ்ரே எடுத்தோ வளைத்துப் பார்த்தோ தேற வேண்டும். இதற்குப் படிப்பு கேட்பதில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் அந்தச் சான்று பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் வேலைமுறையோடு கட்டுப்பட்டது. அடுத்த கம்பெனிக்குப் போனால் மறுபடி டெஸ்ட் வைப்பார்கள். கூலியை உயர்த்தும், ஆனால் நிரந்தரமாகக் கையில் நிற்காது.

இரண்டாவது, 'முன்கற்றல் அங்கீகாரம்'. ஆர்.பி.எல். என்பார்கள். பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டம் 2015-ல் தொடங்கியதிலிருந்து அதன் கீழ் இது நடக்கிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குக் கொஞ்ச நேரம் அறிமுகப் பயிற்சி, பிறகு வெளியாள் ஒருவர் வந்து செய்முறைத் தேர்வு வைப்பார். தேறினால் திறன்களை நிலை நிலையாகப் பிரித்திருக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் ஏதோ ஒரு நிலையில் சான்றிதழ் கிடைக்கும். சீக்கிரம் கிடைப்பது இதன் நல்ல பக்கம். ஆனால் "ஐ.டி.ஐ. தேர்ச்சி" கேட்கிற வேலைக்கு இதை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். இதை உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் வழி. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுங்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதுகிற அதே தேர்வு, அதே தேசியத் தொழிற்சான்றிதழ். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தில் அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் வேண்டும். முதல்நிலைத் தேர்வில் தேறிய பிறகு முதன்மைத் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கான அறிவிப்பை நாளிதழ்களில் கொடுக்கும். திருச்சி அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்கு இரண்டு தடை. வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அது பெரிய மலை இல்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை நேரடியாக எழுதலாம். கஷ்டம் அனுபவச் சான்றில்தான். ரெஜிஸ்டரில் ஹெல்பர் என்று எழுதி வைத்திருந்தால் "வெல்டராக வேலை பார்த்தார்" என்று யார் கையெழுத்துப் போடுவார்? ஆகவே இன்றைக்கே ஆரம்பியுங்கள். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். விவரம், கேட் பாஸ், 6ஜி டெஸ்ட் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். கான்ட்ராக்டர் தராவிட்டால், நீங்கள் வேலை பார்க்கும் பிரதான கம்பெனியின் வெல்டிங் இன்ஜினியரிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் வெல்டைப் பார்த்திருப்பவர் அவர்தான். ஒருவனிடம் வெல்டர் வேலை வாங்கிக்கொண்டு ஹெல்பர் என்று எழுதுவது அவன் பதினாலு வருஷத்தைத் திருடுவது. சங்கத்தில் சேர்ந்திருந்தால் இதை அங்கே சொல்லுங்கள், சேரவில்லையென்றால் சேருங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். போன வருஷம் இரண்டு நாள் 'டிரெயினிங்' என்று உட்கார வைத்து, ஆதார் வாங்கி, கைரேகை வைத்து, தொப்பி, டி-சர்ட் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். சான்றிதழ் வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை. கேட்டால் "அது கம்பெனிக்குத்தான்" என்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பல்லடம்

கம்பெனிக்கு இல்லை தங்கச்சி, உங்களுக்குத்தான். உங்கள் ஆதாரை வைத்து, உங்கள் கைரேகையை வைத்து வந்த சான்றிதழில் உங்கள் பெயர்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ஆர்.பி.எல். முகாமாக இருக்கலாம். தேர்வு நடந்து நீங்கள் தேறியிருந்தால் சான்றிதழ் மின்வடிவில் ஏற்கெனவே வந்திருக்கக்கூடும்.

ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். அரசின் மின்ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் தேடலாம். மகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருந்தால் பத்து நிமிட வேலை. ஒன்றும் காணவில்லை என்றால், முகாமில் பதிந்தது யாருடைய கைப்பேசி எண் என்று கேளுங்கள். பயிற்சி ஏஜென்ட்டே தன் எண்ணையோ லைன் சூப்பர்வைசர் எண்ணையோ கொடுத்திருந்தால் குறுஞ்செய்தி எல்லாம் அங்கேதான் போயிருக்கும். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாமல், உங்களோடு உட்கார்ந்த நாலைந்து பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

இனி யாராவது பயிற்சி என்று வந்தால், கைரேகை வைக்கும் முன் கேட்க வேண்டியது: இது எந்தத் தொழிலுக்கான சான்றிதழ்? எந்த நிலை? கொடுப்பது யார்? பதிவது என் எண்தானா? ஐ.டி.ஐ. வகைப் படிப்பு என்றால் டி.ஜி.டி. (மத்தியப் பயிற்சி இயக்குநரகம்), என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) பெயர் இருக்கும். குறுகிய காலப் பயிற்சி என்றால் என்.சி.வி.இ.டி. (தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழு) அங்கீகாரம் பெற்ற அமைப்பின் பெயரும் சரிபார்க்கும் கியூ.ஆர். குறியீடும் இருக்க வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் "சிறப்பாகப் பங்கேற்றார்" என்று அச்சடித்துத் தருவது நினைவுப் பொருள். அதற்காக ஆதார் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வயரிங் வேலைக்கு லைசென்ஸ் எடுக்கப் பத்தாவது கட்டாயமா?
— வாசகர், மணப்பாறை

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. 21 வயது முடிந்து, வயரிங் தொழிலில் ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தேர்வு அரசு ஐ.டி.ஐ.க்களில் நடக்கும். அனுபவச் சான்றை லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரரிடம் இப்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் எடுக்க எட்டாவது பாஸ் வேண்டும் என்று புரோக்கர் பணம் கேட்கிறார். உண்மையா?
— வாசகர், சங்ககிரி

அந்த விதியை மத்திய அரசு 2019-லேயே எடுத்துவிட்டது. காசு கொடுக்காதீர்கள். ஆனாலும் எட்டாவது எழுதுங்கள். லைசென்ஸுக்காக இல்லை, இன்ஷூரன்ஸ் தாளையும் லோடு பில்லையும் நீங்களே படிப்பதற்காக.

கேள்வி: முப்பத்தைந்து பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பையனுக்கு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) கற்றுக்கொடுத்தால் ஆறே மாதத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறான். பாண்டு எழுதி வாங்கலாமா? ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கோவை

ஒரிஜினல் சான்றிதழைத் தொடவே கூடாது அய்யா. அது அந்தப் பையனுடைய சோறு. அதைப் பீரோவில் பூட்டி வைத்து ஒருவனை நிறுத்தினால் அவன் உடம்புதான் உங்கள் பட்டறையில் நிற்கும்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. மெஷினில் டூலை உடைத்துக் கற்றுக்கொள்வது உங்கள் செலவில், பலன் வேறொருவருக்கு. அதற்கு வழி, தனியாளாகச் செலவு செய்யாமல் இருப்பது. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பழகுநர்களை, அதாவது வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களைச் சேர்ப்பது கட்டாயம். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. உங்களுக்கு அது பொருந்தும். பலர் இதைத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். 2016-ல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்கு நீங்கள் கொடுக்கும் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பழகுநர் ஒப்பந்தம் முறையாகப் பதிவாகும். காலம் முழுக்க அவன் உங்களிடம் இருப்பான். முடிவில் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் பெறுவான்.

முடித்த அன்றைக்கு அவன் சம்பளம் எவ்வளவு உயரும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். தேறிய பிறகும் பழைய சம்பளத்தில் வைத்திருந்தால் அவன் போகத்தான் செய்வான். நான் பயிற்சி கொடுத்த இடங்களில் சான்றிதழையும் கிரேடையும் சேர்த்துக் கட்டிய மில்லில் ஆட்கள் நின்றார்கள். பயிற்சி கொடுத்து, கைதட்டி, அதே கிரேடில் அனுப்பிய மில்லில் நிற்கவில்லை. அப்படியும் சிலர் போவார்கள், போகட்டும். உங்களிடம் இன்று வேலை பார்க்கும் மூத்த டர்னரும் எங்கேயோ ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டு வந்தவர்தானே.

கேள்வி: ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறேன். வயது 52. ஐந்தாவது வரை படித்தது. பத்தாவது பாஸ் பண்ண வேண்டும் என்று ஆசை. மகன், "இனிமே படிச்சு கலெக்டர் ஆகப் போறியா" என்கிறான். சூப்பர்வைசர் வேலைக்குப் பத்தாவது கேட்கிறார்கள். முடியுமா அம்மா?
— வாசகி, தஞ்சாவூர்

முடியும். எந்தத் துணி அறுவை அரங்கினுடையது, எந்தப் பைக்கு என்ன நிறம், எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று தினமும் பிரித்துப் பார்க்கிறவர் நீங்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் உங்களுக்குப் பாதி தெரிந்த பாடம். மகனிடம் சண்டை போட வேண்டாம். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், "இதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்த யாரும் நேரடியாக எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். மாவட்டத்தில் இருக்கும் அரசுத் தேர்வுத்துறை சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழோ பதிவுத்தாளோ கேளுங்கள். கிடைக்காவிட்டால் பிறப்புச் சான்றிதழ். ஐம்பது வயதுக்காரர்களுக்கு இந்தக் காகிதம் தேடுவதுதான் படிப்பைவிடக் கஷ்டம். அதனால் விண்ணப்பத் தேதி வருவதற்கு முன்பே பள்ளிக்குப் போய்விடுங்கள்.

வீட்டிலிருந்தே மெதுவாகப் படிக்க வேண்டும் என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் இருக்கிறது. அதில் அடிப்படைக் கல்வியை மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்குச் சமமாக மூன்று நிலையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் சேரும் முன், உங்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் "பதவி உயர்வுக்கு எந்தச் சான்றிதழை ஏற்பீர்கள்" என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

எட்டாவது முடிந்ததும் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. அதில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. செய்முறைக்குத் தனியாக, முன்கூட்டியே பதிந்து, அவர்கள் சொல்லும் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு இதைத் தவறவிட்டவர்கள் உண்டு. பயிற்சி நாட்களுக்கு ஷிப்ட் மாற்றித் தரும்படி கான்ட்ராக்ட் சூப்பர்வைசரிடம் இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.